அவருக்கு மேற்கே சங்ககிரி, உங்களுக்குக் கிழக்கே வாழப்பாடி: வீடு எங்கே பார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது. கணவருக்குச் சங்ககிரியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை, காலை ஒன்பதரைக்குள் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு வாழப்பாடியில் அரசுப் பள்ளி ஆசிரியை வேலை, ஒன்பதுக்குள் அங்கே இருக்க வேண்டும். ஒன்றரை வயதில் ஒரு குழந்தை. உங்கள் அம்மா பொன்னம்மாபேட்டையில் இருக்கிறார், ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் தங்க இடமில்லை. ‘இருவருக்கும் மத்தியாக, சேலத்தில் எந்த ஏரியாவில் வாடகைக்கு வீடு பார்க்கலாம்?’ என்று முடித்திருக்கிறீர்கள். ஏரியா பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும் அதற்குள் எனக்கு இரண்டு கேள்விகள் தெரிகின்றன. மொத்த அலைச்சலைக் குறைக்க முடியுமா என்பது ஒன்று. குறைக்க முடியாததை யார் சுமப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கணக்கு இருக்கிறது, சொல்கிறேன். இரண்டாவதை நீங்கள் இருவரும்தான் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் எதைப் பேச வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பத்தொன்பது வருடம் நேர அட்டவணை போடும் பிரிவில். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், ஒரு நாளைக்கு எத்தனை நடை போகும், ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு ஓடும் நேரம் கொடுப்பது என்று எழுதுவதுதான் வேலை. வீட்டுத் தரகு பார்த்தவள் இல்லை, நகரமைப்பு படித்தவளும் இல்லை. எந்தத் தெருவில் என்ன வாடகை என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. போக வர ஆகும் நேரத்தைப் பற்றி மட்டும் தைரியமாகப் பேசுவேன்.

ஒரு நூலை எடுத்து ஒரு முனையைச் சங்ககிரியிலும் மறு முனையை வாழப்பாடியிலும் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பாசிமணி கோர்த்திருக்கிறது. அந்த மணிதான் உங்கள் வீடு. மணியை எந்தப் பக்கம் தள்ளினாலும் நூலின் நீளம் அதேதான். சேலம் புதிய பஸ் நிலையத்திலிருந்து சங்ககிரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர், வாழப்பாடி ஏறக்குறைய 30. இரண்டும் சேர்ந்து 70. வீட்டை மேற்கே கொண்டலாம்பட்டிக்குத் தள்ளினால் அவருக்கு எவ்வளவு குறைகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு உங்களுக்குக் கூடும். கிழக்கே அயோத்தியாப்பட்டணத்துக்குத் தள்ளினால் உங்களுக்குக் குறைந்து அவருக்குக் கூடும். மத்தியில் வீடு பிடித்தால் மொத்தம் குறையும் என்று நினைத்துத்தான் பல தம்பதிகள் தேடுகிறார்கள். குறையாது. சமமாகப் பிரியும், அவ்வளவுதான். நூலை விட்டு விலகினால் மட்டும் நஷ்டம் நிச்சயம். காற்று நன்றாக இருக்கிறது என்று மலையடிவாரத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் வீடு எடுத்தால் இருவருக்குமே தூரம் கூடும்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு முகம் உண்டு. தொழிற்சாலையை எங்கே வைத்தால் ஏற்றுக்கூலி குறையும் என்று ஆல்ஃப்ரெட் வெபர் என்ற ஜெர்மானியர் 1909-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த வழியில் இரண்டே முனை உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒரு முனையின் செலவு கிலோமீட்டருக்கு ஒரு பைசா கூடுதலாக இருந்தாலும் மணி நேராக அந்த முனைக்கே ஓடிவிடும், நடுவில் எங்கும் நிற்காது. உங்களுக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். அவர் காரில் போகிறார் என்றால், லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு பெட்ரோல் மட்டும் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாயை ஒட்டி வரும். நீங்கள் சாதாரண வெளியூர் பஸ்ஸில் போகிறீர்கள் என்றால், 2018 ஜனவரியில் திருத்திய கட்டணப்படி கிலோமீட்டருக்கு 58 பைசா. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். காசை மட்டும் பார்த்தால் விடை சங்ககிரியிலேயே குடியேறுங்கள், டீச்சர் தினமும் 70 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வரட்டும் என்று வரும். கணக்கு சரி, விடை அநியாயம். நிறைய வீடுகளில் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடாமலேயே இந்த விடைக்குத்தான் போய்ச் சேருகிறார்கள். பஸ்ஸில் போகிறவளின் கிலோமீட்டர் மலிவு என்பதால் அவள் நேரமும் மலிவாகிவிடுகிறது.

அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்துக்கு வருவோம். நிமிடக் கணக்கில் அந்த நூல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சேலம் ஊருக்குள் ஓடும் ஏழெட்டு கிலோமீட்டர்தான் அதில் கனமான பகுதி. எங்கள் அட்டவணையில் ஒரே தடத்துக்குக் காலை ஆறு மணி நடைக்கு ஒரு ஓடும் நேரமும் எட்டரை மணி நடைக்கு வேறு ஓடும் நேரமும் போட வேண்டியிருந்தது ஊருக்குள் மட்டும்தான். வெளியே நெடுஞ்சாலையில் அந்த வித்தியாசம் பெரிதாக வராது. 2020 ஜூனில் ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலம் திறந்த பிறகு அந்தச் சந்திப்பு லேசானது உண்மை. ஆனால் பழைய பஸ் நிலையம், அம்மாபேட்டை ரோடு, டவுன் கடைவீதி எதற்கும் அந்தப் பாலம் உதவாது. உங்கள் வீட்டில் ஒருவர் கட்டாயம் இந்த ஊரைத் தாண்டியாக வேண்டும். யார் தாண்டுவது, எதில் தாண்டுவது? விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

சொந்த வண்டியில் போகிறவர் ஊரைத் தாண்டத் தேவையில்லை, சுற்றிப் போகலாம். உடையாப்பட்டிப் பக்கம் பைபாஸில் ஏறினால் சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி, அங்கிருந்து அரியானூர், காக்காபாளையம், மகுடஞ்சாவடி என்று சங்ககிரி வரை ஊருக்குள் கால் வைக்காமல் போய்விடலாம். கொஞ்சம் தூரம் கூடும், ஆனால் இன்று எவ்வளவு நேரம் ஆனதோ நாளையும் அவ்வளவுதான் ஆகும். தினமும் போகிறவருக்கு அந்த நிச்சயம் பெரிய விஷயம். பஸ்ஸில் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. பஸ் ஊருக்குள்தான் வரும், ஆள் ஏற்றும், பஸ் நிலையத்தில் நிற்கும், அப்புறம் இன்னொரு வண்டிக்கு மாற வேண்டும். மாறுவதில் போகும் பத்து நிமிடம் வெறும் பத்து நிமிடம் இல்லை. பயணிகள் காத்து நிற்கும் நேரத்தை வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக எண்ண வேண்டும் என்பது போக்குவரத்துத் திட்டமிடுபவர்களின் பழைய வழக்கம். குழந்தையை விட்டுவிட்டு ஓடி வரும் தாய்க்கு இரண்டு மடங்கும் போதாது என்பேன்.

ஆகவே முதலில் எனக்குத் தெரிய வேண்டியது நீங்கள் எழுதாமல் விட்ட விஷயம்: யார் எதில் போகிறீர்கள்? இருவரும் பஸ் என்றால், இந்த ஒரு நிலைமையில் மட்டும் மத்திக்கு அர்த்தம் உண்டு. புதிய பஸ் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் மெய்யனூர், அழகாபுரம், சொர்ணபுரி என்று எங்காவது வீடு பாருங்கள். தூரம் சமம் என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்துக்கும் அங்கிருந்துதான் வண்டி கிளம்புகிறது, ஏறி உட்கார இடம் கிடைக்கும், இருவருமே வண்டி மாற வேண்டாம். இன்னொன்றும் சாதகம். காலையில் கூட்டம் சுற்று ஊர்களிலிருந்து சேலத்துக்குள் வரும், நீங்கள் இருவரும் அதற்கு எதிர்த்திசையில் வெளியே போகிறீர்கள். மாலையிலும் அப்படியே. ஆனால் அந்தப் பகுதி வாடகையும் இரைச்சலும் உங்களுக்குத் தெரிந்ததுதான். குழந்தையைப் பொன்னம்மாபேட்டையில் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பி பஸ் நிலையம் வருவதென்றால் மத்தியில் இருந்த லாபம் எல்லாம் அந்த ஒரு நடையில் போய்விடும்.

கணவர் பைக்கிலோ காரிலோ போகிறவர், நீங்கள் பஸ் என்றால் என் பதில் வேறு. வீடு உங்கள் பக்கம் இருக்கட்டும். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, உடையாப்பட்டி என்று ஆத்தூர் ரோட்டை ஒட்டிப் பாருங்கள். நீங்கள் ஊரைத் தாண்டாமல் ஒரே வண்டியில் வாழப்பாடி போய் இறங்கலாம். அவர் பைபாஸில் சுற்றிக்கொள்ளட்டும். அம்மா வீடும் பக்கத்திலேயே ஆகிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: ஆத்தூர் ரோட்டில் வருகிற எல்லா வண்டியும் உங்களுக்கு ஆகாது. நெடுந்தூர வண்டிகள் புறவழியிலேயே போய்விடும், வாழப்பாடி ஊருக்குள் வராது. வழியில் ஏறும் இடத்தில் நின்று பார்த்து, உள்ளே போகும் வண்டி எத்தனை மணிக்கு எத்தனை வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு நேரத்தில் சேர்க்கும் வண்டி ஒன்றே ஒன்றுதான் என்றால் அந்த நிறுத்தத்தை நம்பி வீடு எடுக்காதீர்கள். ஒரு வண்டி தவறினால் அடுத்தது கால் மணிக்குள் வர வேண்டும். அட்டவணை போட்டவள் சொல்கிறேன், வண்டி தவறும். டயர் வெடிக்கும், டிரைவர் லீவு போடுவார், தேர்தல் வேலைக்கு வண்டியைக் கேட்பார்கள்.

கணவரும் சொந்த வண்டி இல்லாதவர், ஆனால் கம்பெனி பஸ் வருகிறது என்றால் அது எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டு மீதியை யோசியுங்கள். ரயிலையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். சூரமங்கலம் ஜங்ஷனிலிருந்து ஈரோடு போகும் தடத்தில் சங்ககிரிக்கு ஸ்டேஷன் உண்டு, ரயில்வே அதை சங்கரிதுர்க் என்று எழுதும். சீசன் டிக்கெட் பஸ்ஸைவிட மிக மலிவு. ஆனால் அந்தத் தடத்தில் ஓடுகிற பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் அங்கே நிற்காது. நிற்கிற வண்டி அவருடைய வேலை நேரத்துக்குப் பொருந்தினால்தான் லாபம். அதே தடத்தில் மகுடஞ்சாவடி ஸ்டேஷன் பலகையில் வெகுகாலம் மெக்டொனால்ட்ஸ் சௌல்ட்ரி என்றுதான் இருந்தது. புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு இங்கே பர்கர் கடை இருக்கிறதா என்று கேட்டது எங்கள் அலுவலகத்தில் பல வருடச் சிரிப்பு. உங்கள் பக்கம் விருத்தாசலம் போகும் தடத்தில் வாழப்பாடி கேட் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே ஒரு நாளில் நிற்கும் வண்டிகளை விரல் விட்டு எண்ணலாம், பள்ளி வேலைக்கு அதை நம்பாதீர்கள்.

ஸ்கூட்டி வாங்கி நானே ஓட்டிப் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு எங்கள் டிரைவர்கள் சொல்லித்தான் எனக்கு உறைத்த ஒரு விஷயம். ஆத்தூர் தடத்தில் காலை நடையும் மாலை நடையும் யாரும் விரும்பிக் கேட்க மாட்டார்கள். ஏன் என்றால் காலையில் கிழக்கே போகும்போது வெயில் முகத்தில், மாலையில் மேற்கே திரும்பும்போதும் வெயில் முகத்தில். கோயம்புத்தூர் ரோட்டில் போகிறவனுக்கு இரண்டு வேளையும் சூரியன் முதுகுப் பக்கம். சேலத்தில் குடியிருந்து கிழக்கே வேலைக்குப் போகும் யாருக்கும் வருடம் முழுக்க இதுதான் கதி. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் திரையை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். ஸ்கூட்டியில் லாரிக்குப் பின்னால் கண் கூசிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் போவது வேறு. அந்த உளுந்தூர்பேட்டைச் சாலை நான்கு வழியாக வந்து ஊர்ப் புறவழிகளில் இரண்டு வழியாகச் சுருங்கும்படி போட்ட சாலை. அப்படிச் சுருங்கும் இடங்களில் நடந்த விபத்துகளால்தான் அகலப்படுத்தும் வேலையே வந்தது. அவர் வண்டி, நீங்கள் பஸ் என்ற பிரிவினைக்கு இந்த வெயிலும் ஒரு காரணம். அவர் இரவு ஷிப்ட் பார்க்கிறவராக இருந்தால் மட்டும் நான் சொன்னதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் பைக்கில் நெடுஞ்சாலையில் 45 கிலோமீட்டர் ஓட்டுவதைவிட நீங்கள் பகலில் ஒரு பஸ் மாறுவது மேல். கணக்குப் பிரிவு என்று எழுதியிருப்பதால் பகல் வேலை என்று எடுத்துக்கொள்கிறேன்.

காசு பற்றிச் சுருக்கமாக. பைக்குக்கு நெடுஞ்சாலைச் சுங்கம் கிடையாது. உடையாப்பட்டியிலிருந்து சங்ககிரி ஏறக்குறைய 45 கிலோமீட்டர், போக வர 90, மாதம் 24 நாளைக்கு 2,160 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுத்தால் 48 லிட்டர், ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வரும். கார் என்றால் அதைப்போல மூன்று மடங்கு, அதற்கு மேல் வைகுந்தம் சுங்கச்சாவடி. வருட பாஸ் என்று 2025 ஆகஸ்ட் 15-இல் ஒன்று கொண்டுவந்தார்கள், அறிமுகத்தில் 3,000 ரூபாய், 200 முறை கடக்கலாம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதுவரை. மாதம் 24 நாள் போக வர 48 முறை, ஆக நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். வருட பாஸ் என்ற பெயரை நம்பி பட்ஜெட் போட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கத்து மேட்டுப்பட்டி சுங்கச்சாவடியை பஸ் பார்த்துக்கொள்ளும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே முதல் இருந்தாலும் அது சாதாரண டவுன் பஸ்ஸில்தான், வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். குழந்தையை அம்மா வீட்டில் விடப் போகும் தூரத்துக்கு வேண்டுமானால் அது உதவும்.

இனி என் சொந்தக் கதை. முதல் ஆறு வருடம் எனக்கு ஆத்தூரில் வேலை, என் வீட்டுக்காரருக்கு மேட்டூரில் ஒரு ஆலையில். இரண்டும் சேலத்திலிருந்து எதிர்த்திசையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அப்போது இந்தப் பாசிமணிக் கணக்கு எனக்குத் தெரியாது. சமமாக இருக்கட்டும் என்று ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு எடுத்தோம். எங்கள் மாமியார் கூட ‘நியாயமா இருக்கு’ என்று சொன்னார். பெரியவனுக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு நாள் மதியம் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுவிட்டது. பார்த்துக்கொண்ட பாட்டியம்மா பக்கத்துக் கடையிலிருந்து இருவருக்கும் போன் போட்டார். நான் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தேன், அவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் மாடி வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், பையன் அங்கே தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது, சமம் என்றால் இருவருமே சமமாகத் தூரத்தில் இருக்கிறோம் என்று.

மூன்று மாதத்தில் அம்மாபேட்டைக்கு மாறினோம். என் நாத்தனார் வீடு அடுத்த தெரு. எனக்குக் காலையில் அரை மணி மிச்சமானது, அவருக்கு அதே அரை மணி கூடியது. கிலோமீட்டர் கூட்டிப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் குழந்தையிடம் சீக்கிரம் வந்து சேரக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார், ஓடி வர ஒரு அத்தையும் இருந்தாள். அவர் அதற்கு விலை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்குவார், கல்யாணம் காட்சி எதற்கும் வர மாட்டார். எனக்கு வேறு மாதிரி விலை. நான் பக்கத்தில் இருக்கிறேன் என்ற ஒரே காரணத்தால் சமையல், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கேஸ் சிலிண்டர் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன. அரை மணி மிச்சமான இடத்தில் இரண்டு மணி நேர வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. வீடு உங்கள் பக்கம் வந்தால் உங்களுக்கும் இது நடக்கும். சாவி வாங்குவதற்கு முன்னாலேயே மாலை வேலைகளில் எது யாருடையது என்று பேசிவிடுங்கள். பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது, சண்டையாகத்தான் இருக்கும்.

என் கதையே உங்களுக்கும் அப்படியே பொருந்துகிற மாதிரி அமைந்திருப்பதால் எனக்கே என் மேல் சின்னச் சந்தேகம். அதனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், கணவர் பக்கம் தாரமங்கலத்தில் இருந்துகொண்டு தினமும் இரண்டு பஸ் மாறி வந்தாள். மாமனார் மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள், அவள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டும் படித்துக்கொண்டும் வந்து துறைத் தேர்வு எல்லாம் எழுதி எனக்கு மேலே போய்விட்டாள். அவளுக்கு அந்த ஏற்பாடு சரியாக இருந்தது. இரண்டு வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று. குழந்தையைப் பார்க்கிறவர் வீட்டுக்கு அருகே வீடு இருந்தது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் படித்தேன். ஜெர்மானியக் குடும்பங்களின் தகவலை வைத்து புரூனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டட்சர் என்ற இருவர் 2008-இல் வெளியிட்ட கட்டுரை, வேலைக்குப் போய் வரும் நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைகிறது, நல்ல சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடு கட்டுவதில்லை என்கிறது. ஸ்வீடனில் எரிகா சாண்டோ என்பவர், வேலைக்குப் போக ஒரு வழிக்கே முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறவர்கள் உள்ள தம்பதிகள் பிரிவது மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகம் என்று கண்டார். முதல் சில வருடங்களில்தான் அந்த ஆபத்து அதிகம், ஐந்து வருடம் தாண்டியவர்கள் பழகிவிடுகிறார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இதைப் படித்துப் பயப்படாதீர்கள். அங்கே பிரிவது நம் ஊரைப் போல இல்லை, பாட்டி வீட்டில் குழந்தையை விடும் வழக்கமும் வேறு. நம் ஊரில் பிரிவதற்குப் பதில் பேசாமல் இருப்பார்கள். அந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

இதுவரை சொன்னதில் நான் உறுதியாக நிற்பது, மொத்தத் தூரம் மாறாது என்பது, பஸ்ஸில் போகிறவர் ஊரைத் தாண்டக் கூடாது என்பது, வெயில். உறுதியில்லாதது உங்கள் வேலைதான். அவருடைய தொழிற்சாலை இடம் மாறாது, உங்கள் பள்ளி மாறும். பொது மாறுதல் கலந்தாய்வில் பதவி உயர்வு வந்தோ பணி நிரவல் வந்தோ நாளைக்கு எடப்பாடிப் பக்கம் போட்டுவிட்டால் இந்த நூலின் ஒரு முனையே அவிழ்ந்து மேற்கே போய்விடும். அப்போது உடையாப்பட்டி வீடு இருவருக்குமே தப்பான பக்கம். எனவே இப்போதைக்கு வாங்காதீர்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருங்கள். முன்பணம் பத்து மாதம் கேட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு செய்துகொள்ளாவிட்டால், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைதான் முன்பணம். சட்டம் இருக்கிறது என்பதற்காக வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. பேரம் பேச ஒரு பிடி, அவ்வளவே. வீட்டுக்கடன் வாங்கிக் கட்டிவிட்ட வீட்டுக்காகவே ஊருக்குக் குறுக்கே இருபது வருடம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு வார்த்தை, இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். உங்களில் ஒருவருக்கு ஏற்காட்டில் வேலை என்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, அங்கே பாதி வழியில் வீடு என்று ஒன்று கிடையாது. மலையில் தங்க வேண்டும், இல்லாவிட்டால் கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று அடிவாரச் சாலையை ஒட்டி இருக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்களே, அந்த மாதிரி நாளில் குப்பனூர் வழி சுற்றிக்கொண்டு போவதற்கும் தெம்பு வேண்டும். மலைக்குப் போகிறவர் பக்கம்தான் வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உடையாப்பட்டி, அம்மாபேட்டைப் பக்கம் மூன்று வீடு பார்த்து வையுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு திங்கள்கிழமையும் ஒரு முகூர்த்த நாளும் அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி இருவரும் உண்மையாகவே வேலைக்குப் போய்ப் பாருங்கள். திங்கள்கிழமை ஊர்க் கூட்டம் தெரியும், முகூர்த்த நாளில் பஸ்ஸின் நிஜ முகம் தெரியும். கிளம்பிய நேரம், நிறுத்தத்தில் நின்ற நேரம், உள்ளே நுழைந்த நேரம் மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். மொத்தமாக ‘ஒன்றே கால் மணி நேரம்’ என்று எழுதினால் எங்கே வலிக்கிறது என்று தெரியாது. மாலையில் வாழப்பாடியிலிருந்து திரும்புவதைக் கட்டாயம் பாருங்கள். காலையில் உட்கார்ந்து போன பஸ் மாலையில் ஆத்தூரிலிருந்தே நிரம்பி வரலாம்.

அப்புறம், வீட்டுக்காரரிடம் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை மணிக்கு விடுகிறார்கள், தரைத்தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். காலை ஏழரைக்குப் பூட்டிவிட்டு மாலை ஆறரைக்குத் திறக்கப் போகும் வீடு அது. குழாயில் தண்ணீர் வரும்போது பிடிக்க அங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். பைபாஸும் பஸ்ஸும் பொருந்தி வந்த நல்ல வீடு ஒன்றை நாங்கள் இதற்காகவே ஆறு மாதத்தில் காலி செய்தோம்.